சுவர் இல்லாத பக்கம்

— சுவர் இல்லைன்னா? என்ன சுவர், டாக்டர்?

— ஸ்கேன் படத்தைப் பாருங்க. காதுக்குப் பின்னாடி பெரிய ரத்தக்குழாய் ஒண்ணு போகுது. அதுக்கும் காதுக்கும் நடுவுல மெல்லிசா எலும்பு இருக்கணும். இடது பக்கம் வெள்ளைக் கோடு தெரியுதா? வலது பக்கம் கோடே இல்ல பாருங்க.

— அப்போ யாரோ நடக்குற மாதிரி கேக்குறது...

— உங்க ரத்தம் ஓடுற சத்தம். அதான் நான் உங்க கழுத்தை அழுத்தினதும் நின்னுச்சு. ஆபரேஷன் பண்ணி அடைச்சிடலாம்.

— டாக்டர்... வெளிய அம்மா உக்காந்திருக்காங்க. படத்துல ஒண்ணும் தெரியலன்னு சொல்லிடுறீங்களா?

— நல்லா இருக்கே! காரணம் கிடைக்கலன்னு அழுதுட்டுப் போறவங்களைப் பார்த்திருக்கேன். கிடைச்சதை ஒளிக்கச் சொல்ற முதல் ஆள் நீங்கதான்.

— போன வருஷம் எங்க அக்கா தூக்கத்துலயே போயிட்டா. அப்புறம்தான் இது கேக்க ஆரம்பிச்சுது. அம்மா என் காதோட காது வச்சுப் பார்த்தாங்க. அவங்களுக்கும் கேட்டுச்சு.

— கேக்கும். சில பேருக்கு வெளிய வரைக்கும் கேக்கும்.

— அதுலேர்ந்து தினம் நான் படுத்ததும் வந்துடுவாங்க. அக்காதான் நடக்குறான்னு நினைச்சுக்கிட்டு. ஒருநாள் சும்மா கழுத்தை அழுத்திப் பார்த்தேன். சத்தம் நின்னதும் அலறிட்டாங்க. என்னை உலுக்கி எடுத்துட்டாங்க.

— அழுத்தினதாலதான் நின்னுச்சுன்னு நீங்க சொல்லலையா?

— எப்படிச் சொல்ல? உங்க பொண்ணு ரெண்டாவது தடவையும் செத்துட்டான்னா?

— நீங்க ஒழுங்கா தூங்குறதே இல்லையே, பாருங்க.

— பழகிடும்.

— பழகாது. நான் பொய் சொல்ல மாட்டேன். அம்மா, உள்ள வாங்க! இப்படி உக்காருங்க. உங்க பொண்ணு காதுல கேக்குறது வேற யாரும் இல்லம்மா. இவங்க ரத்தம்தான்.

— அது தெரியுமே டாக்டர்.

— அம்மா?

— ஏண்டி முழிக்கிறே? காது வச்ச அன்னிக்கே உன் மணிக்கட்டையும் பிடிச்சுப் பார்த்தேன். ரெண்டும் ஒண்ணாத்தான் துடிச்சுது.

— அப்புறம் எதுக்கும்மா தினம் வந்து...

— அன்னிக்கு உங்க அக்கா பக்கத்துலதான்டி படுத்திருந்தேன். மூச்சு நின்னதுகூட எனக்குத் தெரியல.

— அம்மா...

— அடைச்சிடுங்க டாக்டர். புள்ள தூங்கட்டும்.

— நல்ல முடிவும்மா.

— அடைச்சுட்டா, இவ தூங்கும்போது உயிரோட இருக்கான்னு நான் எதை வச்சுத் தெரிஞ்சுக்கிறது?