ஓரத்துல இருந்து வர்ற தோலு

கைப்புண்ணு ஆறாததுக்கு மெஷின் மேல தப்பில்லீங்க சிஸ்டர். லைட்டு நல்லாத்தான் எரியுது. நீங்க சொன்ன மாதிரி கைய அசைக்காமத்தான் வச்சிருந்தேன். பெரிய டாக்டருக்கு எழுதாதீங்க, கொஞ்சம் இருங்க. தொடையில தோலெடுத்துக் கையில ஒட்டுறதெல்லாம் வேணாம். சொல்றேன்.

ஆமா, எனக்கும் அக்காவுக்கும் ஒரே நாள், அதே சுடுதண்ணிதான். அக்கான்னா கூடப் பொறந்தவங்க இல்ல, என் வீட்டுக்காரரோட அண்ணி. ஒரே வீடு. எறக்கி வச்ச குண்டான எம் புள்ள பிடிச்சு இழுத்துட்டான். அவங்க அவனத் தூக்கினாங்க, நான் குண்டானப் பிடிச்சேன். ரெண்டு பேரு கையிலயும் ஊத்திடுச்சு, அவன் மேல ஒரு சொட்டுப் படல. ஆனா வீட்ல கேட்டுப் பாருங்க, புள்ளயக் காப்பாத்துனது அவங்க. நான் குண்டானக் காப்பாத்துனவ.

அவங்களுது பதினஞ்சே நாள்ல மூடிடுச்சே, பாத்தீங்கல்ல. அவங்களுக்கு எல்லாமே அப்படித்தான். மாவு பெசஞ்சா கையில ஒட்டாது. ஊசியில நூலு ஒரே தடவையில போயிடும். தோலுகூட அவங்க சொன்ன பேச்சக் கேக்குது.

அடிபட்டது தெரிஞ்சதும் புண்ணு ஓரத்துல இருக்கிற தோலுத் துணுக்கெல்லாம் முழிச்சுக்கும், கண்ணுக்குத் தெரியாம நகந்து நகந்து நடுவுல வந்து சேந்துக்கும், செவப்பு லைட்டு பட்டா அதுக்கு இன்னும் தெம்பு வரும்னு சொன்னீங்கல்ல? நெசந்தான். எனக்கும் ஓரத்துல ரோஸ் கலர்ல வருது. பாக்க ஆசையாத்தான் இருக்கு.

வருது சிஸ்டர். வராம இல்ல.

நான் துணி தேய்க்கிற கடைக்குப் போறவ. காலையில போனா பொழுது சாயத்தான் வருவேன். அதுவரைக்கும் புள்ள அவங்க இடுப்புல. வந்து கைய நீட்டினா, யாரோ எவரோன்னு பாத்துட்டு அவங்க தோள்ல மொகத்தப் பொதச்சுக்குவான். அவங்க சிரிப்பாங்க. கெட்ட எண்ணமெல்லாம் இல்ல. இருந்தாலும்.

கட்டுப் போட்டப்புறம் அவங்க கையத்தான் பிடிச்சு வச்சுக்கிட்டு உஃப் உஃப்னு ஊதுவான், எச்சில் தெறிக்க. போ, உங்கம்மாவுக்கும் ரெண்டு ஊதிட்டு வான்னு அவங்களே அனுப்பி வைப்பாங்க. மிச்சம் மீதியக் குடுத்து விடுற மாதிரி.

அவங்க கட்டப் பிரிச்சாங்க, அவனுக்கு ஊத எடமில்ல. அன்னைக்கு நான் கதவத் தொறக்குறேன், அவனாத் தத்தித் தத்தி வந்து மடியில ஏறி என் கையத் தேடினான். அவங்க கூப்பிட்டாங்க சிஸ்டர். இவன் திரும்பக்கூட இல்ல.

அதான். கடையில இருந்து வர்ற வழியில ஒரு குழாயடி இருக்கு. அங்க நின்னு கட்ட அவுத்து, ஓரத்துல வந்த தோல நகத்தால எடுத்துடுவேன். தெனமும் இல்லீங்க, மூடப் போற மாதிரி தெரிஞ்சா மட்டும்.

சரி, இனிமே எடுக்கல. சத்தியமா எடுக்கல. லைட்டு மட்டும் கொஞ்ச நாளைக்கு வேணாமே சிஸ்டர், அதுபாட்டுக்கு மெதுவா வரட்டும்.