கழுவிய கிழங்கு

நாமக்கல் உழவர் சந்தைக்குப் போகிறவர்களோடு கொல்லிமலையிலிருந்து பஸ் இறங்கிக்கொண்டிருந்தது. முன் சீட்டில் மரவள்ளிக்கிழங்கு மூட்டைகளோடு இரண்டு பெண்கள். இளையவள் திடீரென்று தலையில் கைவைத்தாள்.

"அக்கா, மண்ணு கொண்டாற மறந்துட்டனுங்க!"

"மண்ணு எதுக்கு கண்ணு?"

"எங்கூட்டுக்காரரு குச்சிக்கிழங்கைப் பளபளன்னு கழுவி வெச்சுட்டாருங்க. மண்ணு ஒட்டியிருந்தாத்தான் டவுன்காரங்க மலைக்கிழங்குன்னு நம்புறாங்க. போன வாரம் கழுவினதை ஒருத்தரும் தொடலீங்க."

"காளப்பநாயக்கன்பட்டியில பஸ் நிக்குமில்ல? ரெண்டு கை அள்ளிப் பூசிக்கோ."

"அது அடிவாரத்து மண்ணுங்க. மலைக்கிழங்குல அதைப் பூசினா ஏமாத்து வேலையில்லீங்களா?"

மூத்தவள் அதை ஒப்புக்கொண்டு தலையாட்டினாள். பிறகு குனிந்து, சேறு அப்பிய தன் செருப்பைக் கழற்றி நீட்டினாள்.

"இந்தா, சுரண்டிக்கோ. சுத்தமான மலை மண்ணு, நம்ம திருப்புலி நாட்டு மண்ணு."