நம்பர் ஒன் விருந்து

மொய்னுதீன்: ...அதான் சொல்றேன், கொஞ்சம் சிரிச்ச மொகமா நில்லு. துக்க வூட்டுக்கு வந்தவன் மாதிரி நிக்கிற. நோர்டா கம்பெனி கார் விக்கறதுல ஒலகத்துலயே நம்பர் ஒன்னு ஆயிட்டான். அதுக்குத்தான் பீச்சு ரோட்டுல இவ்ளோ பெரிய ஓட்டல்ல நமக்கு விருந்து.

பாவாடை: அவன் நம்பர் ஒன்னு ஆனா நான் ஏன் பாய் சிரிக்கணும்?

மொய்னுதீன்: நீயும் நானும் செய்ற கதவு ரப்பர் இல்லன்னா அவன் காருக்குள்ள மழத்தண்ணி பூந்துடும். அந்த வகையில பாத்தா நீயும் நம்பர் ஒன்னுதான்.

பாவாடை: மேட்டுப்பாளையத்துல, சாக்கடையத் தாண்டி, தகர ஷெட்டுல ஒரு நம்பர் ஒன்னு.

மொய்னுதீன்: பக்கத்து ஷெட்டுல இன்னொரு நம்பர் ஒன்னு. நடுவுல ஒரு செவுரு.

பாவாடை: செவுரு நீங்க கட்டுனது.

மொய்னுதீன்: உன் ஆடு வந்து என் ஆபீஸ் காலண்டரத் தின்னுச்சு. கட்டாம?

பாவாடை: அந்த ஆட்ட உங்க பக்ரீத்துக்கே குடுத்துட்டேன். அப்பறம் கூட செவுத்த இடிக்கல நீங்க.

மொய்னுதீன்: சரி சரி... உள்ள பாரு. அந்தத் திரையில ஒலகப் படம் போட்டிருக்கான். எங்கெல்லாம் நோர்டா கார் ஓடுதோ அங்கெல்லாம் பல்பு எரியுதாம்.

பாவாடை: பாண்டிச்சேரில எரியுதா?

மொய்னுதீன்: இந்தியாவுக்கே ஒரு பல்புதான். அதுவும் மெட்ராஸ் பக்கத்துல, அவன் பேக்டரி இருக்கற எடத்துல.

பாவாடை: வரி கம்மின்னு பாதிப் பேரு இங்க வந்து வண்டிய ரிஜிஸ்டர் பண்ணிக்கினு போறான். நம்பர் நம்ம ஊருது, வண்டி அவன் ஊருல ஓடுது. பல்பும் அங்கயே எரியட்டும்... அந்தத் தொர இன்னா சொல்றாரு? உங்களுக்குத்தான் இங்கிலீஷ் வருமே.

மொய்னுதீன்: பத்து வருஷத்துக்கு முந்தி எங்கயோ கடைசில இருந்தாங்களாம். ஒவ்வொருத்தனாத் தாண்டித் தாண்டி, ரெண்டாயிரத்து ஏழு கணக்கு முடிக்கறப்ப எல்லாரையும் தாண்டிட்டாங்களாம்.

பாவாடை: எப்படித் தாண்டுனாங்களாம்?

மொய்னுதீன்: சின்ன காரு. பெட்ரோல் வெல ஏற ஏற, பெரிய காரு செஞ்சவன்லாம் திருதிருன்னு முழிச்சான். இவன் சின்னதா செஞ்சு, மத்தவனவிடக் கம்மி வெலைக்கு வித்தான்.

பாவாடை: கம்மி வெலைக்கு எப்படி முடிஞ்சுதாம்?

மொய்னுதீன்: அதுக்கு மட்டும் படம் போடல.

பாவாடை: நம்ம ஷெட்டப் படம் புடிச்சுப் போட்டிருக்கணும்.

மொய்னுதீன்: இரு, முக்கியமானது சொல்றாரு... "சப்ளையர்ங்கதான் எங்க பலம். நாமெல்லாம் ஒரே குடும்பம்."

பாவாடை: போச்சு.

மொய்னுதீன்: ஏன்?

பாவாடை: எங்க ஊர்ல பெரியவர் இப்படித்தான் ஆரம்பிப்பாரு. குடும்பம்னாருன்னா பாகம் பிரிக்கப் போறாருன்னு அர்த்தம்.

மொய்னுதீன்: பிரிக்க நம்மகிட்ட என்னா இருக்கு? வெலையக் கொறைங்கன்னு கேப்பாங்க. வருஷா வருஷம் பொங்கல் கழிஞ்சா கேக்கறதுதான. நாம என்னா பேசி வெச்சிருக்கோம்?

பாவாடை: கொறைக்கக் கூடாதுன்னு.

மொய்னுதீன்: எங்க பேசினோம்?

பாவாடை: உங்க வூட்லதான். நோம்புக் கஞ்சி குடிச்சுக்கினே. ஜரினா அக்கா கூட சாட்சி.

மொய்னுதீன்: ரெண்டு பேருல ஒருத்தன் கொறைச்சாலும் ரெண்டு பேருக்கும் கேடு. அதத்தான் பேசினோம்.

பாவாடை: ஆமா பாய்... பேசினோம்.

மொய்னுதீன்: என்னா இழுக்கற?

பாவாடை: இழுக்கலியே. கடல் காத்துக்குத் தொண்ட கட்டுது... நீங்க கடைசி வரைக்கும் எங்கூட நிப்பீங்க இல்ல?

மொய்னுதீன்: நானா... நிக்காம எங்க போவப் போறேன். ஜூஸக் குடி, ஐஸ் கரையுது.

பாவாடை: இல்ல, மழைல என் ரப்பர் அழுத்தற பிரஸ் மிஷினு ஒடைஞ்சு கெடந்தப்ப, என் பங்கு ரப்பரையும் நீங்களே செஞ்சு என் பேருல அனுப்புனீங்க. அத நெனச்சா...

மொய்னுதீன்: அத ஏன் இப்ப எடுக்கற? என் ஆளுங்க சும்மா இருந்தாங்க, செஞ்சாங்க. லுஹருக்கு நேரமாச்சு. பின்னால ஒரு ரூம்பு குடுக்கறேன்னு ஓட்டல்காரர் சொல்லியிருக்காரு, தொழுதுட்டு வந்துடறேன். இந்த கிளாஸப் புடி.

பாவாடை: குடுங்க. மெதுவாவே வாங்க பாய்.

பூர்ணிமா: பாவாடை சார், ரெண்டு கைலயும் ஜூஸ் வெச்சுக்கிட்டுத் தனியா நிக்கிறீங்க?

பாவாடை: அட, பூர்ணிமாம்மா, வாம்மா. பாய் தொழுவப் போயிருக்காரு. நீ பர்ச்சேஸ் ஆபீசரு, உள்ள தொரைங்ககூட இருப்பன்னு நெனச்சேன்.

பூர்ணிமா: எனக்கும் காத்து வேணும் சார். குருசுக்குப்பத்துல பொறந்துட்டு ஏசி ரூம்ல எவ்வளவு நேரம் ஒக்கார்றது.

பாவாடை: நம்ம ஊருப் பொண்ணுன்ற உரிமைல ஒன்னு கேக்கறேன். பாய் வர்றதுக்குள்ள சொல்லிடு. திங்கக்கெழம நான் உங்க ஆபீசுக்கு வந்து பேசுனது அவரு காதுக்கு...

பூர்ணிமா: நூத்துக்கு ஏழு கொறைச்சுத் தர்றேன்னு சொன்னதா சார்?

பாவாடை: மெதுவாம்மா.

பூர்ணிமா: நான் சொல்லல சார். எங்க ஆபீஸ்ல வேற யாரும் சொல்லமாட்டாங்க.

பாவாடை: மொத்த ஆர்டரும் எனக்குத்தான? அதுல மாத்தம் ஒன்னும் இல்லியே?

பூர்ணிமா: இல்ல சார். அடுத்த மாசத்துலேர்ந்து கதவு ரப்பர் பூரா நீங்கதான்.

பாவாடை: தப்பா நெனைக்காதம்மா. ஸ்க்ரூ செய்ற கிருஷ்ணசாமி உங்க கேன்டீன்ல கேட்டுட்டு வந்து சொன்னாரு. ரப்பருக்கு இனிமே ஒருத்தர்தான், ரெண்டுல ஒன்ன எடுத்துடுவாங்கன்னு. எனக்குத் தூக்கம் போச்சு. நெலத்த வித்து ரெண்டாவது பிரஸ் வாங்கினவன் நான். எங்கிட்ட வேல செய்ற பொம்பளைங்க... அந்த ஜெயம் அம்மாவ நீ பாத்திருப்ப, ஆடிட்டுக்கு வந்தப்ப டீ குடுத்துச்சே...

பூர்ணிமா: ஞாபகம் இருக்கு சார்.

பாவாடை: அது சம்பளத்துலதான் அந்தக் குடும்பமே சாப்புடுது. நான் வெறுங்கையோட போய் அதுங்க மொகத்துல எப்படி முழிப்பேன்? அதான் பாய் முந்திக்கறதுக்குள்ள நான் முந்திக்கினேன்.

பூர்ணிமா: அவரு முந்திக்குவாருன்னு நெனச்சீங்களா சார்?

பாவாடை: அவரு அப்படிப்பட்டவரு இல்ல. ஆனா அவருக்கும் குடும்பம் இருக்கே... நீயே சொல்லு, ஒருத்தர்தான்றது நெசந்தான?

பூர்ணிமா: நெசந்தான் சார். ஆனா வெலையக் கொறைங்கன்னு இந்த வருஷம் உங்கள நாங்க கேக்கவே இல்லியே. நீங்களா வந்து சொன்னதும் எங்க மேனேஜர் ரெண்டு தரம் திருப்பிக் கேட்டாரு.

பாவாடை: சந்தோஷத்துலயா?

பூர்ணிமா: அப்படியே வெச்சுக்குங்க சார்.

பாவாடை: பாய்கிட்ட எப்ப சொல்லப் போறீங்க?

பூர்ணிமா: எத சார்?

பாவாடை: அவருக்கு ஆர்டர் இல்லன்றத.

பூர்ணிமா: அது அவருக்குத் தெரியும் சார்.

பாவாடை: தெரியுமா?

பூர்ணிமா: போன வாரமே தெரியும்.

பாவாடை: தெரிஞ்சா... காலைல என்ன ஸ்கூட்டர்ல ஏத்திக்கினு வந்தாரேம்மா. வழியெல்லாம் சிரிச்சுக்கினு... ராஜா தியேட்டர்கிட்ட நிறுத்தி டீ வேற வாங்கிக் குடுத்தாரு.

பூர்ணிமா: மீதிய அவரே உங்ககிட்ட சொல்றேன்னாரு சார். நான் சொல்லக் கூடாது.

பாவாடை: மீதின்னா? இன்னாம்மா மீதி?

பூர்ணிமா: பாய் வர்றாரு சார்.

மொய்னுதீன்: பூர்ணிமா, உங்க கம்பெனி தாராளமாத்தான் செய்யுது. வாசல்ல ஆளுக்கு ஒரு காரு குடுக்கறாங்க. இந்தா பாவாடை, இது உன்னுது.

பாவாடை: பொம்ம காரா?

மொய்னுதீன்: கதவு கூடத் தொறக்குது பாரு.

பாவாடை: ரப்பர் இருக்கா?

மொய்னுதீன்: இல்ல.

பாவாடை: அப்ப இது ஒழுவும்.

பூர்ணிமா: சாப்பாடு ரெடி சார், ரெண்டு பேரும் வந்துடுங்க. நான் உள்ள போறேன்.

மொய்னுதீன்: நல்ல பொண்ணு... ஏதாவது சொல்லிச்சா?

பாவாடை: இல்லியே. ஏன்?

மொய்னுதீன்: சும்மாதான்.

பாவாடை: உங்ககிட்ட ஏதாவது சொல்லிச்சா?

மொய்னுதீன்: என்கிட்ட என்னாத்த சொல்லப் போவுது.

பாவாடை: அதான... ஒன்னும் சொல்லாது.

மொய்னுதீன்: வா, சாப்பாடு ஆறிடும்.

பாவாடை: பாய், எம்மேல கோவம் ஏதாவது இருந்தா இங்கயே திட்டிடுங்க. ஸ்கூட்டர் ஓட்டறப்ப திட்டாதீங்க, பயமா இருக்கும்.

மொய்னுதீன்: எனக்கு என்னா கோவம்? நீதான் கோவப்படப் போற. சாப்ட அப்பறம் சொல்லலாம்னு இருந்தேன்... இப்பவே சொல்லிடறேன், இல்லன்னா சோறு எறங்காது. கஞ்சி குடிச்சுட்டுப் பேசினோமே, அந்தப் பேச்ச நான் மீறிட்டேன்.

பாவாடை: நீங்களா? வெலையக் கொறைச்சுட்டீங்களா?

மொய்னுதீன்: அதெல்லாம் இல்ல. ஷெட்ட மூடறேன்.

பாவாடை: எந்த ஷெட்ட?

மொய்னுதீன்: என் ஷெட்டத்தான். உன்னுத நான் மூட முடியுமா? நேரு வீதில ஒரு கட பாத்திருக்கேன். சீட் கவரு, மிதியடி, கண்ணாடில தொங்கவுடற பொம்ம, வாசன டப்பா... இவங்க வித்துக்கிட்டே போறாங்க, வாங்கினவன் எல்லாம் சீட் கவர் போடணும்ல. கார் செய்றவனுக்கு இத்தன வருஷம் வித்தாச்சு, இனிமே கார் வாங்கறவனுக்கு வித்துப் பாக்கறேன். எம்மவன் ஜாகிர் கடையப் பாத்துக்குவான்.

பாவாடை: நெசமாவா சொல்றீங்க?

மொய்னுதீன்: ஒடம்பு முடியல பாவாடை. அந்த ரப்பர் பொகைல ராத்திரியெல்லாம் இருமல். ஜரினா அழுவுறா.

பாவாடை: எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?

மொய்னுதீன்: எப்படிச் சொல்றது? ரெண்டு பேரும் சேந்து நிப்போம்னு சொல்லிட்டு நான் மட்டும் எறங்கிப் போறேன். வெக்கமா இருந்துது. சொன்னா நீ பயந்துடுவ, பாய் போயிட்டாரு, இனி நம்மளத் தனியா வெச்சு நசுக்குவாங்கன்னு. அதனால மொதல்ல உன் வழியச் சரி பண்ணிட்டு அப்பறம் சொல்லலாம்னு நேரா அவங்க மேனேஜர்கிட்ட போனேன்.

பாவாடை: போய்...?

மொய்னுதீன்: நான் வெலகிக்கறேன், என் பங்கையும் பாவாடைக்கே குடுத்துடுங்கன்னேன். யோசிச்சாரு. கதவு ரப்பருக்கு அச்சு வெச்சிருக்கறது இந்தப் பக்கத்துல நாங்க ரெண்டு பேருதான், இப்ப அவன் ஒருத்தன்தான், அவனும் வுட்டுட்டா ஒலகத்து நம்பர் ஒன்னு காரு மழைல நனையும்னேன்.

பாவாடை: அப்படியேவா சொன்னீங்க?

மொய்னுதீன்: கொஞ்சம் மரியாதையா, இங்கிலீஷ்ல சொன்னேன். அவரு சிரிச்சுட்டாரு. அதனால பாவாடைகிட்ட வெலையப் பத்திப் பேசவே கூடாது, பழைய வெலையே இருக்கணும்னேன். சரின்னு கை குடுத்தாரு. மூணு வருஷத்துக்கு உன் வெலைல கை வெக்க மாட்டாங்க.

பாவாடை: மூணு... வருஷமா?

மொய்னுதீன்: ஆமா. பதிலுக்கு நீ எனக்கு ஒன்னு செய்யணும். பக்கிரியும் என் ஆளுங்களும் இருக்காங்க இல்ல, அவங்கள நடுத்தெருவுல வுடக் கூடாது. மொத்த ஆர்டரும் வந்தா உனக்கு ஆளு வேணும். பழைய வெலைக்கு ஓட்டுனா உன் ஆளு, என் ஆளு அத்தன பேருக்கும் சம்பளம் குடுத்து உனக்கும் நாலு காசு நிக்கும். நான் யோசிச்சுப் பாத்துட்டேன். வெல கொறைஞ்சா மட்டுந்தான் முடியாது. அதான் இல்லன்னு ஆயிட்டுதே.

பாவாடை: பக்கிரிக்கு இது தெரியுமா பாய்?

மொய்னுதீன்: பக்கிரிகிட்ட கூடச் சொல்லிட்டேன். நேத்து கோரிமேட்டுல அவன் மாமியாரப் பாக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன், அங்கயே வெச்சு சொன்னேன். பாவாடை அண்ணன் பாத்துக்குவாருன்னேன். மனுஷன் கையப் புடிச்சுக்கிட்டான்.

பாவாடை: எப்ப பாய் மேனேஜர்கிட்ட போனீங்க? என்னிக்கு?

மொய்னுதீன்: வெள்ளிக்கெழம. ஜும்மா தொழுதுட்டு நேரா பஸ் ஏறிட்டேன். ஏன் இப்படிப் பாக்கற... ஒரு வார்த்த நல்லதாச் சொல்லேன்.

பாவாடை: திங்கக்கெழம நான் போனேன் பாய். உங்களுக்குத் தெரியாம... யாரும் கேக்காமயே நூத்துக்கு ஏழு கொறைச்சு, நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்துட்டேன்.