கால் தளர்ந்தோர்க்கு மாடி அறை

அவைக்குத் தலைமை தாங்கும் ஊர்ச்சங்கத் தலைவர், பெருமதிப்பிற்குரிய வேதநாயகம் அவர்களே! அலையோடு மல்லுக்கட்டி அன்னம் கொணரும் தங்கச்சிமடத்துப் பெரியோர்களே! மீன்கூடை சுமந்த தலையை எவர்க்கும் தாழ்த்தாத தாய்மார்களே! பிறர் தோள்பற்றி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நரம்புநோய்த் துணைக்கூட்டத்து முதியோர்களே! வணக்கம்.

கால் தளர்ந்தோர் கூடிப் பேச ஓர் இடம் கேட்டார்கள். சங்கம் அள்ளிக் கொடுத்தது எதை? மாடி அறையை! கைப்பிடியும் இல்லாத படிக்கட்டின் உச்சியை! கொடைக்கும் ஓர் எல்லை வேண்டாமா?

"மேல நல்லாக் காத்து வருமுல்ல அய்யா!" என்கிறார் அங்கே ஒருவர். வரும் தம்பி, வரும்! காற்று ஏறிவிடும், இதோ முன்வரிசையில் இருக்கும் மரியசெல்வம் எப்படி ஏறுவார்?

பாய்விரித்துப் பல்லாண்டு கடலோடிய அவருக்கு, ஐம்பத்தெட்டு வயதில் கால் தள்ளாடியது. ஊரே மருத்துவரானது! "குடிச்சுப்புட்டு ஆடுறாரு மனுசன்" என்றது முதல் மருத்துவம். உச்சிவெயிலில், சுடுமணலில், இடுப்புவரை புதைத்தது அடுத்த மருத்துவம். நடந்து போனவரைக் கட்டிலில் தூக்கி வந்தீர்கள். வந்தும் என்ன சொன்னீர்கள்? "சூடு பத்தல!" மறுநாளும் புதைத்தீர்கள்! ஆகா, என்னே அறிவு! என்னே பரிவு!

நரம்பைப் போர்த்திய உறை ஆங்காங்கே சிதையும் நோய் இது. வெப்பம் பட்டால் தளர்ச்சி மிகும் என்றார் சென்னை மருத்துவர். யாரிடம்? அதே நோயால் விரல் மரத்த, பாம்பன் குல்சும் அம்மையாரிடம். அவர்தாம் துணைக்கூட்டத்தில் மரியசெல்வத்திடம் சொன்னார்: "அண்ணே, இனி மணலுக்குப் போவாதிய. ஈரத்துணியக் கழுத்துல போட்டுக்கிட்டு நெழல்ல உக்காருங்க. வெயில்ல எனக்கும் காலு பின்னும்."

ஊரோடு பேச்சை நிறுத்தியிருந்த மரியசெல்வம் அன்றுதான் வாய் திறந்தார்: "அப்ப நான் குடிகாரன் இல்லன்னு ஒங்களுக்குத் தெரியுமாம்மா?"

கேட்டீர்களா? எந்த மருந்து தந்தது இந்தப் பேச்சை? இந்தக் கூட்டம் தந்தது! மரத்தடியில் கூடியவர்களை மாடிக்கு மாற்றினீர்கள், கூட்டம் நின்றது, அவர் வாயும் மூடிக்கொண்டது.

கடலோரத்தில் இருக்கிறதே சங்கத்தின் வலைக்கொட்டகை! தரைமட்டம், தண்ணிழல், கடற்காற்று. அதில் குடியிருப்பவர் யார்? போன திருவிழாத் தோரணமும் கால் உடைந்த நாற்காலிகளும்! நாற்காலியின் உடைந்த காலுக்கு நிழல். மனிதனின் தளர்ந்த காலுக்கு மாடியா?

தாய்மார்களே, பெரியோர்களே, செவிகொடுத்த உங்களுக்கு நன்றி, வணக்கம்.

தலைவருக்கு மட்டும் நன்றியைக் கடனாக வைத்திருக்கிறேன். ஐயா, கொட்டகைத் திறவுகோல் தங்கள் இடுப்பில்தான் தொங்குகிறது. 'ஆவன செய்வோம்' என்னும் அருள்வாக்கு வேண்டா. அவர் மேடை ஏற வேண்டா, தாங்கள் இறங்குங்கள். மரியசெல்வத்தின் கையில் அதை வையுங்கள். நாளையல்ல, இப்போதே! இறங்குங்கள் ஐயா!