பச்சைக் கட்டம்

— அந்த செல்போன உள்ள வெச்சிட்டு இந்தக் கடலச்செடியப் பாருங்க பிரபாகர் சார். புடுங்குனா வேரோட புழுதிதான் வருது. இதுல எங்க இருக்குது பச்சை, சொல்லுங்க பாக்கலாம்.

— புரியுதுங்க கண்ணம்மாக்கா. ஆனா மேப்புல உங்க ஊருக் கட்டம் பச்சையாத்தான் வருது. மண்ணுல ஈரம் இருக்குதுன்னு அர்த்தம்.

— சுத்துப்பட்டு ஊரெல்லாம் வறட்சிப் பட்டியல்ல ஏறிடுச்சு, எங்க ஊரத் தவிர. அதுல ஏறுனாத்தான தீவனம் தருவாங்க? வூட்ல இருக்கறது ஒத்த மாடு. வர்ற சந்தைக்கு ஓட்டிட்டுப் போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கறாரு எங்க வூட்டுக்காரரு.

— நானும் மேலாபீசுக்கு மூணு தடவ எழுதிட்டேங்க. கம்பம் ஈரம்னு சொல்லுது, நீ என்ன சொல்றதுன்னு திருப்பி அனுப்பறாங்க. எனக்கும் சலிச்சுப் போச்சு.

— எந்தக் கம்பம்?

— சித்திரையில உங்க காட்டுல நட்டனே, இதா இதுதான். சேட்டிலைட்டு மேலாப்ல ரெண்டு விரக்கடை மண்ணத்தான் பாக்கும். அடி ஈரத்த இதுதான் சொல்லணும். ரெண்டையும் சேத்துத்தான் கம்ப்யூட்டரு ஊருக்கே கணக்குப் போடுது.

— அப்ப உங்க கம்பம் பொய் சொல்லுது.

— அதப் பாக்கத்தான் வந்தேன். அந்த மம்முட்டியக் குடுங்க... என்னங்க இது, மண்ணு கையில ஒட்டுது? ரெண்டடி தள்ளிக் கொத்துனா புழுதி பறக்குது. பைப்பு ஏதாச்சும் ஒடஞ்சிருக்குதா?

— போரு வத்தியே மூணு மாசமாச்சு. பைப்புல காத்துகூட வரல.

— அப்புறம் எப்படி? ஆமா, கம்பத்துல யாரு மஞ்ச பூசுனது?

— நாந்தான். எதுக்கு இதுன்னு கேட்டதுக்கு, மழைக்காகத்தான்னு சொன்னீங்க. ஒரு தேங்காகூட ஒடைக்காம வண்டியேறிட்டீங்க. மாரியம்மன் கோயில்ல கம்பம் நட்டா பொம்பளைங்க சும்மா வுடுவமா? தெனமும் தண்ணி ஊத்துவோமில்ல?

— அக்கா... இதுக்குமா ஊத்துனீங்க?

— ஒரு நா தவறல சார். மழ வந்தா எல்லாருக்குந்தான.

— போரு வத்திப் போச்சுன்றீங்க. தண்ணிக்கு எங்க போனீங்க?

— எங்க போறது? மாட்டுக்கு வெக்கறதுல பாதிய எடுத்துத்தான் ஊத்தறேன்.