ஒரு கை மாவு

அக்கா: அந்த ஜாடி மேல மட்டும் கைய வெச்சே... தெரியும் சேதி!

தம்பி: வெக்கல தாயே. மியூசியம் வண்டி சாயங்காலம் வருது. அதைச் சொல்ல வந்தேன்.

அக்கா: வரட்டும். கோயில் மணி, குத்துவிளக்கு, பீடத்துத் துணி, எல்லாத்தையும் அள்ளிக்கட்டும். இது போகாது.

தம்பி: ஒரு ஜாடி மாவுக்கா இவ்வளவு...

அக்கா: பாதிரியார் பெத்த பிள்ளை பேசற பேச்சாடா இது?

தம்பி: பிள்ளை லாரி ஓட்டறான். அப்படித்தான் பேசுவான்.

அக்கா: கர்த்தர் கடைசியா பிட்டுக் கொடுத்தாரே, அந்த அப்பத்துல இருந்து எடுத்து வெச்ச மாவுடா. வருஷா வருஷம் பெரிய வியாழன் அன்னிக்குப் புது மாவுல கலந்து, கலந்து...

தம்பி: வியாபாரிங்க மூட்டையோட பாலைவனம் தாண்டி, மலை தாண்டி கிழக்கே வந்துச்சு. அப்பா சொல்லிச் சொல்லி மனப்பாடம்.

அக்கா: எந்த ஊர்ல புதுசா கோயில் கட்டினாலும் முந்தின ஊர் ஜாடியில ஒரு கை வாங்கிக்குவாங்க. அது சேராம சுட்டா பூசை அப்பம் ஆகாது, வெறும் ரொட்டி. கிழக்கே ராஜா அரண்மனை வாசல் வரைக்கும் போச்சுடா!

தம்பி: போச்சு. அப்புறம் அந்த ராஜாவே வேண்டாம்னுட்டாரு. கொள்ளைநோய் வந்துச்சு. படை வந்துச்சு. ஒவ்வொரு ஊரா ஜாடி காலி. இந்தப் பக்கம் மிச்சம் நீயும் நானும்.

அக்கா: ரெண்டு பேர் போதாதா?

தம்பி: பாதிரியார் வேணுமேக்கா. அப்பாவுக்கு அப்புறம் யாரு...

அக்கா: தள்ளு, ஜாடியைத் துடைக்கணும்.

தம்பி: அழாதக்கா.

அக்கா: யாரு அழறா? பேச்சை மாத்தாத.

தம்பி: நாளைக்கு நீயும் மக வீட்டுக்குப் போயிடுவே. அப்புறம் இது எலிக்குத்தான். கண்ணாடிப் பெட்டியில பத்திரமாவாவது இருக்கும்.

அக்கா: பத்திரமா வெக்கிற சாமானா இது? கலக்கற சாமான்! அழிஞ்சுபோன சபையோட கடைசி மாவுன்னு அட்டை எழுதி வெப்பாங்க. விடமாட்டேன்.

தம்பி: தர்றேன்னு வாக்குக் கொடுத்துட்டேன்க்கா.

அக்கா: கொடுத்துட்டியா... சரி, எடுத்துட்டுப் போ.

தம்பி: என்னது?

அக்கா: எடுன்னு சொன்னேன்ல.

தம்பி: நீ எதுக்கும் இவ்வளவு சீக்கிரம் சரின்னதே இல்லையே... அய்யோ, என்ன இவ்வளவு லேசா இருக்கு? நான் பாதிதானே...

அக்கா: பாதிதானே... என்ன? முழுங்காம சொல்லு.

தம்பி: துறைமுகத்துக்கு லோடு போனேன்ல... அங்க ஒரு ஷெட்டுல நம்ம சபைக்காரங்க கூடறாங்க. சண்டைக்குப் பயந்து ஓடி வந்தவங்க. பாதிரியார் இருக்காரு, மாவு இல்ல. இங்க மாவு இருக்கு, பாதிரியார் இல்ல. அதான் டிபன் டப்பாவுல பாதியை எடுத்து வெச்சேன்... துறைமுகம் அந்த அரண்மனை ஊரையும் தாண்டிக் கிழக்கேக்கா! நீ கண்டுபிடிக்கறதுக்குள்ள ஜாடியை அனுப்பிடலாம்னு பார்த்தேன்.

அக்கா: மூடியில உன் கிரீஸ் கையைப் பார்த்தப்பவே தெரியும்டா. உன் வாயால வரட்டும்னுதான் இவ்வளவு நேரம் கத்தினேன். நீ எங்கயோ கலக்கத்தான் எடுத்திருப்பேன்னு நெனச்சு, மீதியையும் உன் லாரி சீட்டுக்கு அடியில கட்டி வெச்சுட்டேன். ஜாடியில ஒரே ஒரு கை விட்டிருக்கேன், காலி ஜாடியை மாவுன்னு கொடுக்கற பொய் எனக்கு ஆகாது. கடைசி மாவுன்னு அவங்க எழுதிக்கட்டும்... அந்தப் பொய் அவங்களோடது.