விளம்பர நேரத்துப் பேச்சு

நாடகம் ஓடும்போது யாரும் பேசக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். விளம்பரம் வந்தால் பேசிக்கொள்ளலாம். அதுவரைக்கும் வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். இதை முதலில் சொல்லிவிடுகிறேன் இன்ஸ்பெக்டர் சேர். பிறகு சொல்வது அப்போதுதான் உங்களுக்குச் சரியாக விளங்கும்.

எங்கள் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளிலேயே பெரிய டிவி என் காம்பரா அறையில்தான் இருந்தது. என் மனைவி விஜயகலாவுக்காக வாங்கியது. ரப்பர் மலையில் பால் வாளியோடு வழுக்கி விழுந்ததிலிருந்து அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. நான்தான் குளிப்பாட்டுவேன், துணி அலசுவேன், முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பேன். "சுதாகரன் மாதிரி ஒரு புருஷன் யாருக்குக் கெடைக்கும்" என்று லயத்துப் பெண்கள் என் காதுபடவே சொல்வார்கள். அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும். மறைத்து என்ன ஆகப்போகிறது.

புதன்கிழமை பொழுது சாய்ந்ததும் சிங்களத் துப்பறியும் நாடகம் பார்க்க ஆட்கள் வந்துவிடுவார்கள். அடுத்த காம்பரா ஷாமிளா வருவாள். கங்காணி அஜந்தன் வருவான். பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தாஸிம் நானாவும், சாமான் இறக்க வேனில் மேலே வந்த நாளென்றால், ஒரு தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

அன்றைய கதையில் ஒரு வீடு தீப்பிடிக்கிறது. தம்பிக்காரன் வெளியே ஓடி வந்துவிடுகிறான். நடக்க முடியாத அண்ணன் உள்ளேயே கிடந்து சாகிறான். தம்பி நினைத்திருந்தால் தூக்கி வந்திருக்கலாம், வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்தான் என்று இன்ஸ்பெக்டர் கண்டுபிடிக்கிறார். அந்த இடத்தில் விளம்பரம் வந்தது.

"பாவங்க அந்தத் தம்பி. எத்தன வருஷம் பீ மூத்திரம் அள்ளியிருப்பான். மனுஷனுக்கு அலுக்காதா" என்றாள் ஷாமிளா.

"தீய இவன் வைக்கலையே. அது தானா வந்துச்சு. வந்ததுக்கு இவன் என்ன பண்ணுவான்" என்றான் அஜந்தன்.

தாஸிம் நானாதான் அழுத்தமாகப் பேசினார். "அவன்ட பிழை என்ன இதுல? நான் அந்த ஊர்க்காரனா இருந்தா, அவன் எங்கூடத்தான் இருந்தான்னு போலீஸ்ல போய்ச் சொல்லுவேன்."

எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். நெஞ்சில் பல நாளாக இருந்த ஒரு பாரம் இறங்கியதுபோல் இருந்தது. படித்தவன், படிக்காதவன், பெண், ஆண், இந்து, முஸ்லிம் எல்லோரும் ஒரே மாதிரிச் சொல்கிறார்கள் என்றால் அதில் நியாயம் இல்லாமல் இருக்குமா?

அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு இருக்கிறது, எல்லோரும் கீழே பன்சலைக்கு, புத்த கோயில் மண்டபத்துக்கு இறங்குங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு ஆட்டோ வரும். இரண்டு தடவை அப்படி இறங்கினோம். இரண்டு தடவையும் கம்பளியில் கட்டி, கம்பில் தொங்கவிட்டு, நான்கு ஆண்கள் விஜயகலாவைச் சுமந்தார்கள். வழியெல்லாம் வலியில் முனகினாள். மலை அசையவே இல்லை. திரும்பவும் தூக்கிக்கொண்டு ஏறினோம். அடுத்தவரிடம் போய் ஆள் வேண்டும் என்று நிற்பது எனக்கு எவ்வளவு வெட்கம் என்று யாருக்கும் தெரியாது.

மூன்றாவது தடவை மத்தியானம் ஆட்டோ வந்தது. விஜயகலா, "மழை ஒரு மாதிரியா இருக்குங்க. தூக்க எப்ப வருவாங்க?" என்று கேட்டாள். "வருவாங்க" என்றேன். அவளுக்குத் துணையாக இருக்கட்டும் என்று டிவியைப் போட்டேன். சத்தத்தை நன்றாகக் கூட்டினேன். ரிமோட் கட்டிலில் கிடந்தால் கீழே விழுந்து உடைந்துவிடும், அதனால் அலமாரிக்கு மேலே வைத்தேன். தண்ணீரும் வைத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள் சேர்.

வெளியே அஜந்தன் கம்பும் கம்பளியுமாக ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தான். பாதி வழியில் நிறுத்தி, "தேவையில்லப்பா. காலையிலயே தாஸிம் நானா வேன்ல வரக்காப்பொல ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டேன்" என்றேன். அவன் என் முதுகில் தட்டி, நல்ல காரியம் செய்தீர்கள் என்றான். எல்லோருமாக லயத்தின் கோடியைத் தாண்டி இறங்கும்போது அவன் நின்றான்.

"அண்ணே, ஒங்க வீட்டுல யாரோ கூப்புடுற மாதிரி கேக்குதே."

"டிவிப்பா. அணைக்க மறந்துட்டேன்."

பன்சலையில் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது மலை இறங்கிய சத்தம் கேட்டது. எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன், அது நடிப்பில்லை. இராணுவத்துப் பையன்கள் வந்து, கடைசியில் இருக்கும் என் காம்பராவில் யாராவது இருந்தார்களா என்று சிங்களத்தில் கேட்டார்கள். இல்லை என்றேன். அவர்களும் நனைந்துபோயிருந்தார்கள், மண்வெட்டிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவள் உடனே சாகவில்லை என்று டொக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். அது எனக்குத் தெரியாது. மலையை நான் தள்ளவில்லை என்பதுதான் எனக்குத் தெரியும்.

மறுநாள் தாஸிம் நானா சோற்றுப் பார்சல்களோடு வந்தார். எல்லோர் முன்னாலும், "விஜயகலா எங்க? அவளுக்குத் தனியாக் கஞ்சி கொண்டுவந்திருக்கேன்" என்று கேட்டார். அஜந்தன் அவரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் தாஸிம் நானாவுக்குக் கண்ணைக் காட்டினேன். அவருக்கு விளங்கவில்லை. கஞ்சிப் போத்தலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அவர் அன்றைக்குச் சொன்ன வார்த்தையை நம்பித்தான் நான் அவர் பெயரைச் சொன்னேன். என் வீட்டில் உட்கார்ந்து ஒன்று பேசிவிட்டு, வெளியே வேறு மாதிரி நின்றால் எப்படி சேர்? இன்றுவரைக்கும் எனக்கு அவர்மேல் மனவருத்தம் உண்டு.

நான்தான் விட்டுவிட்டு வந்தேன். இல்லை என்று சொல்லவில்லை, கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த நாடகத்தைப் பற்றி யாராவது ஒருவர் மாற்றிச் சொன்னார்களா என்று கேட்டீர்கள் அல்லவா. யாரும் சொல்லவில்லை.

விஜயகலா மட்டும் கட்டிலில் இருந்து, "அந்த அண்ணங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். அவனுக்கும் உயிர் வாழ ஆச இருந்திருக்குமில்ல" என்றாள். நான் அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னேன். அதைக் கணக்கில் சேர்க்க முடியாது சேர். அப்போது விளம்பரம் முடிந்து நாடகம் தொடங்கியிருந்தது.